துபாஷியின் பேரேட்டில் கூலிக்காரன்
(ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை ஒரு வியாபாரி வாசித்த விதம்)

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் செம்பூர்க் கடைக்கு வந்திருந்தபோது, வழக்கம்போல் சமணத் தமிழ் இலக்கியம் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது வேறு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் பேத்தி. பள்ளியில் அவளுக்கு அமெரிக்காவின் ஆரம்பக் குடியேற்றங்கள் பற்றிப் பாடம். 1607-ல் ஜேம்ஸ்டவுன், புகையிலைத் தோட்டம், 1619-ல் கப்பலில் வந்திறங்கிய ஆப்பிரிக்கர்கள் என்று ஒப்பித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "தாத்தா, அதே சமயத்துல நம்ம ஊர்ல என்ன நடந்துது? அங்க யாராவது எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

எழுதி வைத்திருக்கிறார்கள் அம்மா, நூறு வருஷம் தள்ளி, ஆனால் ஒரு வியாபாரி எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுத்தேன். அன்று எடுத்ததை மூன்று மாதம் கீழே வைக்கவில்லை. முன்பு ஒருமுறை படித்ததுதான். அந்த வாசிப்பில் டூப்ளேயும் அவர் மனைவியும் நவாப்புகளும் மட்டுமே என் கண்ணில் பட்டார்கள். இந்த முறை அவர்கள் காலடியில் மூட்டை தூக்கி நின்றவர்களைத் தேடிப் படித்தேன். தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிள்ளை 1709-ல் சென்னையில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்தவர். 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி மாதம், நாட்குறிப்பைத் தொடங்கினார். அதற்குத் தினப்படிச் செய்திக் குறிப்பு, சொஸ்த லிகிதம் என்று பெயர். 1761 ஜனவரி 12-ல் அவர் காலமாகும் வரை, கிட்டத்தட்ட 25 வருஷத்துக் கணக்கு அது. நாலு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழில் அச்சாகத் தொடங்கியது 1948-ல், புதுச்சேரியில். 12 தொகுதிகளும் ஒருசேரத் தமிழில் கிடைத்தது அகநி வெளியீடாக 2019-ல். தமிழ்க் கணக்கனின் ஏட்டை நாம் முதலில் வெள்ளைக்காரன் கண்ணாடி வழியாகத்தான் படித்தோம் என்பதை மறக்கக்கூடாது.

அந்தக் கண்ணாடியின் கோளாறுதான், பிள்ளையை 'இந்தியாவின் பெப்பிஸ்' என்று சொல்வது. நம்ம மேடைகளில் இன்றுவரை இது சொல்லப்படுகிறது. எனக்கு இந்த ஒப்பீட்டில் சம்மதமில்லை. சாமுவேல் பெப்பிஸ் லண்டனில் கடற்படை அலுவலகத்தில் இருந்தவர். 1660 முதல் 1669 வரை எழுதினார். தன் ஊரில், தன் ராஜாவின் கீழ், தன் மொழியில் வாழ்ந்தவர். பிள்ளையின் நிலைமை அதுவா? கடல் கடந்து வந்த ஒரு கம்பெனி நம் கரையில் கோட்டை கட்டி, நம் ஆள்களை வைத்து வேலை வாங்குகிறது. அந்தக் கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற தரகர் இவர். இவரை யாரோடாவது சேர்த்து வைத்தே ஆகவேண்டும் என்றால், லண்டன்காரரை விட்டுவிட்டு வர்ஜீனியாக்காரரைத் தேட வேண்டும்.

அப்படி ஒருவர் இருக்கிறார். வில்லியம் பைர்ட். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் வெஸ்ட்ஓவர் என்ற தோட்டத்தின் முதலாளி. இவர் சுருக்கெழுத்தில் ரகசியமாக எழுதிய நாட்குறிப்பின் முதல் பகுதி 1709-ல் தொடங்குகிறது. அதாவது நம் பிள்ளை பிறந்த அதே வருஷம். 1941-ல்தான் அதை எழுத்துக்கூட்டிப் படித்து அச்சிட்டார்கள். காலையில் எழுந்ததும் எபிரேயம், கிரேக்கம் படித்தது, பால் குடித்தது, உடற்பயிற்சி செய்தது, பிரார்த்தனை சொன்னது அல்லது சொல்ல மறந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரே வாய்பாடாக வரும். அதே வரிசையில், அதே மூச்சில், வீட்டு அடிமைகளான யூஜீனையும் ஜென்னியையும் அடித்ததும் வரும். பால் குடித்ததற்கும் பையனை அடித்ததற்கும் நடுவில் ஒரு பெருமூச்சு கூட கிடையாது. மூவாயிரத்துக்கு மேல் புத்தகம் சேர்த்த படிப்பாளி இவர்.

வர்ஜீனியாவில் வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அங்கே புகையிலை பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து ஏழைகள். கப்பல் கூலிக்குப் பதிலாக நாலு முதல் ஏழு வருஷம் உழைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து வந்தவர்கள். பாதிப் பேர் அந்தத் தவணை முடியும் முன்பே ஜுரத்திலும் பட்டினியிலும் செத்தார்கள் என்கிற அளவுக்கு மோசமான இடம். ஓர் ஆளை அழைத்து வந்தால் அழைத்து வந்தவருக்கு 50 ஏக்கர் நிலம். 1676-ல் நாதனியேல் பேக்கன் என்பவர் தலைமையில் கலகம் வந்தபோது, வெள்ளைக் கூலியும் கறுப்பு அடிமையும் சேர்ந்தே துப்பாக்கி தூக்கினார்கள். அதற்குப் பிறகு தோட்ட முதலாளிகள் மேலும் மேலும் ஆப்பிரிக்க அடிமைகளையே வாங்கினார்கள். 1705-ல் அடிமைச் சட்டத்தைத் தொகுத்து இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பினார்கள். சேர்ந்து நின்றவர்களைப் பிரித்து வைப்பது எந்த ஊரிலும் முதலாளி கற்கும் முதல் பாடம். வலங்கை, இடங்கை என்று நாம் ஏற்கெனவே பிரிந்திருந்ததால், சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனிக்காரர்களுக்கு அந்தச் சிரமம் குறைந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனியா வியாபாரி, 24 பேரைக் கொண்டுவந்ததற்காக 1,200 ஏக்கர் நிலம் பெற்றார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர்: டோனி, கிழக்கிந்தியன். எந்த ஊர், என்ன சாதி, என்ன மொழி, ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருப்பது அவன் பெயரில் கிடைத்த 50 ஏக்கரை. அவன் சோழமண்டலக் கரைக்காரனாகவும் இருக்கலாம், வங்காளியாகவும் இருக்கலாம். இந்தப் பட்டியலைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது பிள்ளையிடம் வருவோம். வியாபாரியாக நான் முதலில் பார்ப்பது சரக்கு. புதுச்சேரியின் சரக்கு துணி. கம்பெனி வெள்ளி கொண்டுவரும். அந்த வெள்ளியில் வியாபாரிகளுக்கு முன்பணம், வியாபாரிகள் நெசவாளிக்கு முன்பணம், நெசவாளி கட்டுக்கட்டாகத் துணி. வெளுப்பவர், சாயம் போடுபவர், மடிப்பவர், கட்டுபவர் எல்லாரும் அந்தச் சங்கிலியில் தொங்குகிறார்கள். பிள்ளையே இளவயதில் பரங்கிப்பேட்டையில் இந்த வேலையைப் பார்த்துக் கைதேர்ந்தவர். துணி தரம் குறைந்தது, அளவு குறைந்தது, வெள்ளி வரவில்லை, கப்பல் தாமதம் என்று அவர் எழுதும்போது எனக்கு என் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கப்பல் வந்த தேதியை ஜாதகம் போலக் குறித்து வைப்பார். காரணம் உண்டு. கப்பல் வந்தால்தான் காசு.

அந்த நீலத்துணி எங்கே போயிற்று? ஒரு பங்கு ஐரோப்பாவுக்கு. இன்னொரு பங்கு அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு. அந்தக் கரையில் அடிமை வாங்குவதற்கு இந்தியத் துணி ரொக்கம் மாதிரி செல்லுபடியாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்கக் கொடுத்த பண்டங்களில் நம் துணிக்குப் பெரிய பங்கு உண்டு என்று சரித்திரக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, நம்ம பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவனுக்கும், பைர்டின் வெஸ்ட்ஓவரில் புகையிலை இலை கிள்ளியவனுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுகிறது. இரண்டு பேருக்கும் அது தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்திருக்குமா? கப்பல் எந்தத் துறைமுகம் போகிறது என்பது தெரியும். அதற்கு மேல் கேட்பது துபாஷியின் வேலை அல்ல.

கேட்காமல் இருக்க முடியாத ஒரு சம்பவம் 1743-ல் வருகிறது. அவர் ஏட்டில் எனக்கு மிக முக்கியமான பக்கங்கள் இவை. நாட்டுப்புறத்திலிருந்து வருகிற ஏழைகளை, கூலி வேலை இருக்கிறது என்று ஆசைகாட்டியும், மருந்துப்பொடி கலந்த வெற்றிலை பாக்கு கொடுத்து மயக்கியும் ஒரு கும்பல் பிடிக்கிறது. அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் அடைக்கிறார்கள். தலையை மொட்டையடித்துக் கறுப்புத் துணி கட்டி, ஒரு காலில் விலங்கு மாட்டுகிறார்கள். கப்பல் வந்ததும் இரவோடு இரவாக ஏற்றி மொரீஷியஸ், பூர்போன் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள். விஷயம் ஒரு நாள் வெளியே வந்து ஊர் பரபரக்கிறது.

மொட்டை, கறுப்புத்துணி, விலங்கு. மூன்று விவரம். பிள்ளை ஒரு கதாசிரியனாக இருந்திருந்தால் இதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த அறையை அவர் நம் கண்முன் நிறுத்துகிறார். அதற்காக அவருக்கு ஆயிரம் வணக்கம். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் என்ன பேசினார்கள், என்ன கேட்டு அழுதார்கள் என்பது வரவில்லை. டூப்ளே ஒரு சாதாரண நாளில் சொன்ன ஒரு வாக்கியத்தை, 'என்றார், என்றேன், என்றார்' என்று அரைப் பக்கம் எழுதுகிறவர் அவர். காது அவருக்கு அபாரம். அந்தக் காது மாளிகைப் பக்கமே திரும்பியிருக்கிறது. பிறகு ஏடு மறுபடி கப்பலுக்கும் வெள்ளிக்கும் போய்விடுகிறது.

இதை வைத்துப் பிள்ளையைக் கல் மனசுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு: நைனியப்ப பிள்ளை. இவருடைய மாமா, புதுச்சேரியின் பெரிய தரகர். 1716-ல் கவர்னர் எபேர் அவரைப் பிடித்துச் சிறையிலிட்டார். பொது இடத்தில் 50 சவுக்கடி, மூன்று வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717-ல் சிறையிலேயே இறந்தார். பிற்பாடு பிரான்சில் அந்தத் தீர்ப்பு தப்பு என்று ரத்து செய்தார்கள். செத்தவனுக்கு என்ன லாபம்? அவர்மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று, 1715-ல் ஊர் ஜனங்கள் கிளம்பியதற்குத் தூண்டுகோலாக இருந்தார் என்பது. அந்தக் கிளர்ச்சியின் முறையைக் கவனிக்க வேண்டும். கோயில், திருவிழா விஷயத்தில் கம்பெனி கட்டுப்பாடு போட்டபோது, ஜனங்கள் ஊரை விட்டே போகிறோம் என்று கிளம்பினார்கள். வண்ணான் இல்லாமல், படகுக்காரன் இல்லாமல், நெசவாளி இல்லாமல் கோட்டை என்ன செய்யும்? வர்ஜீனியாவில் ஓடிப்போனவன் தனி ஆள், நாய் வைத்துத் தேடுவார்கள். இங்கே சாதி சாதியாகக் கிளம்பினால் தேடிப் பிடிக்க முடியாது, சமாதானம்தான் பேச வேண்டும். இந்தப் பலம் நம்மிடம் இருந்தது என்பதை நம் சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன.

ஏழு வயசில் மாமா பிடிபட்டதைப் பார்த்த பையன், நாற்பது வயசில் துரை முன்னால் நின்று எழுதுகிற ஏட்டில் ஜாக்கிரதை இருக்கத்தானே செய்யும். அது வேறு, கூலிக்காரனைப் பார்க்காமல் விடுவது வேறு என்று யாராவது சொன்னால், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புதுச்சேரியில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைக் கடந்து ஒவ்வொரு வெள்ளிப் பெட்டியையும், ஒவ்வொரு துணிக்கட்டையும், கவர்னர் துரையையும் அவர் மனைவியையும் கரை சேர்ப்பது சலங்குப் படகுக்காரர்கள். இவர்கள் கை ஓங்கினால் பிரெஞ்சு சாம்ராஜ்யம் நனையும், கை ஓய்ந்தால் மூழ்கும். பிள்ளை சலங்கு போனதை, வந்ததை ஓயாமல் எழுதுகிறார். சலங்கு போயிற்று, சலங்கு வந்தது. துடுப்புப் போட்டவன் வாக்கியத்தில் இல்லை. படகே தானாகப் போகிற மாதிரி! இலக்கணத்தில் எழுவாய் மறைவது ஒரு சாதாரண விஷயம் என்று தமிழாசிரியர் சொல்வார். இங்கே யார் மறைகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1758-ல் லாலி வந்தார். தஞ்சாவூர்ப் படையெடுப்புக்கும் தேவனாம்பட்டணம் முற்றுகைக்கும் வண்டி மாடு போதவில்லை. ஊர் ஜனங்களை, சாதி பார்க்காமல், பிராமணர் உட்பட, பிடித்து மூட்டை சுமக்க வைத்தார், பீரங்கி வண்டி இழுக்க வைத்தார். இதை ஆங்கிலேயச் சரித்திரக்காரர்கள் முதல் நம் ஆட்கள் வரை எல்லாரும் பெரிய அநியாயமாக எழுதியிருக்கிறார்கள். அநியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதற்கு முந்தைய எண்பது வருஷமும் அந்த மூட்டையை யாரோ ஒருவர் சுமந்துகொண்டுதானே இருந்தார்? அவர் தோளில் இருந்தவரை அது செய்தி அல்ல. தோள் மாறியதும் செய்தியாகிவிட்டது.

லாலியின் கடைசிக் கணக்கு இன்னும் கொடுமை. 1760 நவம்பரில் முற்றுகை நெருங்கி அரிசி தீர்ந்தபோது, சுமார் 1,400 தமிழ் ஜனங்களைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார்கள். ஆங்கிலேயர் அவர்களைப் போக விடவில்லை. எட்டு நாள், இரண்டு படைக்கும் நடுவில், புல்லின் வேரைத் தின்றுகொண்டு கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழி விட்டார். ஜேம்ஸ்டவுனில் 1609-10 குளிர்காலத்தைப் பட்டினிக் காலம் என்று பெயர் வைத்துப் பாடமாகப் படிக்கிறார்கள். இந்த எட்டு நாளுக்கு நம்மிடம் ஒரு பெயர் கூட இல்லை. அப்போது பிள்ளை நோயில் படுத்திருந்தார்.

பிள்ளை விட்ட இடத்தை நிரப்ப வந்தவர் பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்', அதன் தொடர்ச்சியாக 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'வானம் வசப்படும்', இரண்டுமே இந்த நாட்குறிப்பை மூலமாகக் கொண்டு பிறந்தவை. ஓரத்தில் நின்றவர்களை நடுவுக்கு அழைத்து வந்து பேச வைத்தார். அதற்கு நன்றி. எனக்கு ஒரு குறை உண்டு: நாவலில் எளியவர்கள் சில சமயம் இருபதாம் நூற்றாண்டு நியாயத்தைப் பேசிவிடுகிறார்கள். பிள்ளையின் ஏட்டில் அவர்கள் பேசுவதில்லை, நாவலில் நமக்குப் பிடித்த மாதிரி பேசுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் உண்மையில் பேசியது எங்கோ கிடக்கிறது. புதுச்சேரியின் காவல் தலைவர் இரண்டாம் வீராநாயக்கரின் 1778 முதல் 1792 வரையான நாட்குறிப்பு போன்றவற்றையும் சேர்த்துப் படித்தால் சில துணுக்குகளாவது கிடைக்கும். (அந்தக் காவல் தலைவர் பதவிக்கும் நயினார் என்றுதான் பெயர். எங்கள் சமூகத்து நயினார் வேறு. மாட்டுங்காவில் ஒரு பெரியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னைப் போலீஸ் பரம்பரை என்று அறிமுகப்படுத்தியதால் சொல்லி வைக்கிறேன்.)

இன்னொரு விஷயம், நம்ம மும்பைக்காரர்களுக்கு. ஆங்கிலத்தில் உலகம் முழுக்கக் கூலிக்காரனைக் குறிக்கிற சொல் நம்முடைய 'கூலி'யிலிருந்து வந்ததா, அல்லது இந்தப் பக்கத்துக் கோலி ஜனங்களின் பெயரிலிருந்து வந்ததா என்று அகராதிக்காரர்களுக்குள் இன்னும் வழக்கு. கோலிகள் இந்தத் தீவுகளின் பூர்வகுடி மீனவர்கள். தாராவிக்குள்ளேயே அவர்களுடைய கோலிவாடாவும் நம் திருநெல்வேலி ஜனங்களின் சந்துகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வழக்கு எப்படித் தீர்ந்தாலும் சொல் அந்த நாலு தெருவை விட்டு வெளியே போகாது. தோல் பதனிட வந்தவர்கள், மில்லுக்கு வந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் என்று நம்மவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே உழைத்திருக்கிறார்கள். நம் மலர்களைப் புரட்டிப் பாருங்கள். வியாபாரிகள் படம் இருக்கும், டாக்டர்கள் படம் இருக்கும், புரவலர் பட்டியல் இருக்கும். என் படமும் இரண்டு முறை வந்திருக்கிறது.

எங்கள் அப்பா வந்தவாசியில் கோரைப்பாய் மொத்த வியாபாரம் பார்த்தவர். நான் 1981-ல் மும்பைக்கு வந்ததே அந்தப் பாயை இங்கே விற்கத்தான். பாய்க்கட்டுகளை லாரியிலிருந்து இறக்கிய ஹமால்களுக்கு, இந்த மாநிலத்தில் 1969-லேயே மாத்தாடி சட்டம் என்று தனிச் சட்டம் உண்டு என்பது எனக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் உடனே பதிவு செய்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிள்ளையை மூடி வைத்த அன்று, ஊரிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த அப்பாவின் நாள்வழிக் கணக்குகளை இறக்கினேன். 1968 முதல் 1979 வரை, பதினொரு புத்தகம். பாய் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. வாங்கியவர் பெயர், ஊர், பாக்கி எல்லாம் இருக்கிறது. வட்டிக்கு வாங்கியவரின் தகப்பனார் பெயர் கூட இருக்கிறது. மூட்டை ஏற்றியவர்கள் மட்டும் தினமும் 'கூலி 4 ஆள்'. பதினொரு வருஷமும் அப்படியே. அப்பா நல்லவர், பூச்சிக்கும் தீங்கு நினையாதவர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர். யார் வயிற்றிலும் அடித்தவர் அல்ல.

ஒரே ஓர் இடத்தில் ஒரு பெயர் வருகிறது. 1974, ஆனந்த வருஷம், ஐப்பசி. வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவருக்குக் கட்டுப்போட்ட செலவு 12 ரூபாய் என்று எழுதி, அதற்கு நேரே அவர் பெயர். டோனிக்கு 50 ஏக்கர் கிடைத்ததால் பெயர் வந்தது, யூஜீனுக்கு அடி விழுந்ததால் வந்தது, இவருக்கு 12 ரூபாய் செலவானதால் வந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் வந்தவாசிப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அந்தப் பெயரை அச்சில் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போவதாக இருக்கிறேன்.

அதற்கு மறுநாள் கணக்கில், அப்பாவின் அதே அழகான கையெழுத்தில், 'கூலி 3 ஆள்' என்று இருக்கிறது.